யாராவது வரணுமா?

1

நஸ்ரின், அன்வர், இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க உங்களுக்கு நேரம் பிடிக்கும் என்று தெரியும். நஸ்ரின் எப்படியோ படித்துவிடுவாள். அன்வர், நீ அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேள். பாதியில் எழுந்து போய்விடாதே.

நேரில் சொல்ல எனக்கு பிரெஞ்சு போதாது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, புதுச்சேரியில் உங்கள் தாத்தாவின் மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்க உட்கார்ந்தவன் நான். உங்கள் அம்மாவின் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டதால் எனக்கும் இந்த பாரிஸ் பக்கம் வாய்த்தது. இங்கே வேலை இடத்தில் நான் பொறுக்கிக்கொண்ட பிரெஞ்சு, தட்டு, வண்டி, சீக்கிரம், மறுபடியும் கழுவு என்கிற அளவோடு நின்றுவிட்டது. ஒரு மனுஷனைப் பற்றி நியாயமாகப் பேச அது உதவாது.

போன சனிக்கிழமை மாலிக்கை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். என்னோடு ஒரே வரிசையில் பல வருஷம் நின்று வேலை செய்த அல்ஜீரியாக்காரர். அன்வர், நீயும் வந்து தோள் கொடுத்தாய். எனக்கு அதில் பெருமைதான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, அம்மா போட்ட சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ பிரெஞ்சில் சொன்னாய்: இங்கே மாலிக்குக்காகப் பத்து நாளுக்கு மேல் காத்திருந்தார்கள், அங்கே தாத்தா இறந்தபோது சாச்சா உங்களுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லையே என்று.

நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கம் நின்று சொன்னாய். அதனால்தான் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அம்மா பின்னாலேயே வந்து, "நீங்க சொல்லாத வரைக்கும் அதுங்க மனசுல அது அப்படியேதான் கெடக்கும்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஊரிலிருந்து திரும்பியதும் அவளிடம் சொன்னேன். உங்களிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே குளிர்காலம் வந்துவிட்டது.

2

பள்ளிக்கூடத்தில் கேட்கும்போது அப்பாவின் வேலை 'விமான நிலையம்' என்று எழுதுவீர்கள். பொய் இல்லை. ஆனால் அது விமான நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஒரு குளிர்ந்த கொட்டகை. பயணிகளுக்குக் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டை நாங்கள் அங்கே அடுக்குகிறோம். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் கரண்டி வைப்பார், அடுத்தவர் ரொட்டி, அடுத்தவர் வெண்ணெய். மாலிக் சின்னக் கிண்ணத்தை வைப்பார், நான் அதன் மேல் மூடி போடுவேன். யாராவது ஒருவர் கை தாமதித்தால் சிவப்பு விளக்கு எரியும். மேலே சுவரில் எங்கள் வேலையைக் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதை நான் பல வருஷம் சுவர் மாதிரியே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாலிக் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரிக் காகிதம், நகராட்சிக் காகிதம், முஸ்லிம்களுக்கு என்று இடம் ஒதுக்கிய கல்லறைத் தோட்டம், அங்கே குழி தோண்டும் இயந்திரம் வரும் நாள். நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு கவுண்டரிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மாலிக்கின் தம்பி மட்டும் தினமும் சாயங்காலம் தொழுகைக் கூடத்தின் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நாளைக்கா?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். மாலிக்குக்காக யாரும் காத்திருக்கவில்லை. மாலிக்தான் காகிதத்துக்காகக் காத்திருந்தார். அன்வர், நீ சொன்ன கணக்கில் இந்த இடம் விட்டுப்போயிற்று.

3

நம் தெருவில் எப்படி என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வீட்டில் மவுத்து, அதாவது சாவு, ஆனால் முதலில் பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள். மோதினார், அதாவது பாங்கு சொல்கிறவர், தானே நடந்து போய் நாலைந்து வீட்டைத் தட்டுவார். அதற்குமேல் யாரும் யாரையும் வேலை ஏவத் தேவையில்லை. குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியை எடுப்பார்கள். உடலில் சுற்றுகிற கஃபன் துணி கிழிக்கிறவர் கத்தரிக்கோலோடு வருவார். குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்ச ஒருவர். இறந்தவரைத் தூக்கிப்போகிற சந்தூக்கைப் பள்ளிவாசலிலிருந்து எடுத்துவர இரண்டு பேர். அடுத்த வேளைத் தொழுகைக்குள் அடக்கம் ஆகிவிட வேண்டும். மையித்தைக் காக்க வைத்தால் அதற்கு வேதனை என்பது நம் தெருவின் நம்பிக்கை.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்பார்கள். "யாராவது வரணுமா?" மகள் கடலூரில் இருக்கிறாள், பஸ் ஏறிவிட்டாள் என்றால் கொஞ்சம் பொறுப்பார்கள். பெரும்பாலும் "இல்ல, எல்லாரும் இருக்கறோம்" என்றுதான் பதில் வரும்.

உங்கள் தாத்தா, என் அத்தா, ஒரு பனிக்காலத்தில் அதிகாலைத் தொழுகை முடிந்த நேரத்தில் இறந்தார். எனக்கு அன்று இரவு ஷிஃப்ட். போன் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. அம்மா சூப்பர்வைசரைப் பிடித்துச் செய்தி சொன்னாள். நான் கொட்டகையிலிருந்தே விமான நிலையத்துக்கு நடந்தேன். பாஸ்போர்ட்டை அம்மா அங்கே கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் வளைகுடா வழியாக ஒரு சீட்டு கிடைத்தது. அங்கே இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அது நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் மறுநாள் காலையில் புதுச்சேரியில் இருந்திருப்பேன். ஆனால் அங்கே பனிமூட்டம். ஒரு விமானமும் எழும்பவில்லை. விடியும்வரை பார்த்துவிட்டு, கார்டு போட்டுப் பேசும் போனில் உங்கள் சாச்சாவை, என் தம்பியை, கூப்பிட்டேன். பனி, எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை என்றேன். "அத்தாவை..." என்று ஆரம்பித்தேன். அவன் அதற்குமேல் விடவில்லை. "நீ பதறாம வாண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முதல் நாள் மதியமே, வழக்கம்போல. அதைச் சொல்ல வாய் வராமல் போனை வைக்கிறான் என்று நினைத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கபர்மேல் மண் குவித்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு அவனோடு என் பேச்சு வீட்டு வரி, மின்சார பில், பெருநாள் வாழ்த்து என்று சுருங்கிப்போயிற்று. 'எனக்காக அவன் ஒரு நாள் நிக்கல' என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வேன். சுவர் மெல்லியது. நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறீர்கள்.

4

போன கோடையில் நான் தனியாக ஊருக்குப் போனேன் அல்லவா? நஸ்ரினுக்குப் பரீட்சை, அன்வருக்கு நண்பர்களோடு கடலுக்குப் போகிற திட்டம். நெல்லித்தோப்பில் கடை அப்படியேதான் இருக்கிறது. இப்போது சாச்சாதான் பார்க்கிறான். கடைக்கு எதிர்வீட்டுப் பெண் கலைவாணி, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முதல் வருஷம் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்து அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அவர்களுக்கு ஒரு புதுப் பாடம் ஆரம்பித்திருந்தார்கள். பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். கம்பெனியில் ஒரு வேலை எங்கே ஆரம்பித்து, யார் யார் கை மாறி, எங்கே முடிகிறது என்பதை வரைந்து பார்க்கிற படிப்பு. கம்பெனிக்குள் போவதற்கு முன்னால், உங்கள் தெருவில் தானாக நடக்கிற ஒரு வேலையைப் பார்த்து வரைந்துகொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். கலைவாணி பல வருஷமாகப் பார்த்த ஒன்று உண்டு. மாமா பாதி தைத்த மெத்தையை அப்படியே போட்டுவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு ஓடுவார். எங்கே ஓடுகிறார், அங்கே யாரோடு என்ன செய்கிறார்? அதை வரைகிறேன் என்று வந்து கேட்டாள்.

சாச்சா தயங்கினான். சாவு வேலையைப் படமாகப் போடலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டான். நல்ல காரியம்தானே, சொல்லு என்று அவர் சொல்லிவிட்டார். படம் முடிந்ததும், அதைச் சரிபார்க்க அவனை வகுப்புக்கே கூப்பிட்டார்கள். அதற்குத்தான் அவனுக்குப் பயம். சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"நீயும் வாண்ணே. நீ வெளிநாட்டு ஆளு. பக்கத்துல இருந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

வேலை இல்லாததால் போனேன். வேறு ஆசை ஒன்றும் இல்லை. காலாப்பட்டு பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்து போனோம்.

டீச்சர் பெயர் செல்வி. திருக்கனூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். சாச்சா முன்னால் உட்கார்ந்தான். நான் ஜன்னல் ஓரமாகப் பின்னால் போய்விட்டேன். எங்களுக்கு முன்னால் இரண்டு குழு வந்து போனது. ஒரு குழு மீன் படகிலிருந்து இறங்கி சென்னைக்கு லாரி ஏறும் வரை வரைந்திருந்தது. இன்னொரு குழு ஒரு சான்றிதழ் வாங்குகிற வழியை வரைந்தது. அதில் அம்புக்குறி நாலு தடவை அதே கவுண்டருக்குத் திரும்பி வந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு மனதில் நின்றுவிட்டது. வேலை என்பது எந்த ஆளிடமும் தங்குவதில்லை, கை மாறிக்கொண்டே போகிறது, எங்கே கை மாறுகிறதோ அங்கேதான் அது நின்றுபோகும் என்றார். ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தைப் பாருங்கள் என்றார். எனக்குக் கொட்டகைச் சுவரில் இருக்கும் படம் ஞாபகம் வந்தது. அதைப் படம் என்று நான் பார்த்ததே அப்போதுதான்.

கலைவாணி பெரிய தாளைப் பலகையில் ஒட்டினாள். ஆளுக்கொரு வரிசை. மோதினார் ஒரு வரிசை, குழி வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை, துணி, தண்ணீர், சந்தூக், வீட்டார். செய்கிற வேலைக்குச் சதுரக் கட்டம். முடிவு எடுக்கிற இடத்துக்குச் சாய்சதுரம். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் வட்டம். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடி, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையில் ஒரே இடத்தில் வந்து சேர்வதைத் தாளில் பார்த்தபோது சாச்சா வாயைத் திறந்தபடி இருந்தான். பல வருஷமாகச் செய்கிற வேலை, அவனுக்கே புதிதாக இருந்தது. தண்ணீர் காய்ச்சுவதை அவன் அவளிடம் சொல்ல மறந்திருக்கிறான். அவளே வாசலில் நின்று பார்த்துச் சேர்த்திருந்தாள்.

பின் வரிசையில் ஒரு பையன், மோதினார் வீடு வீடாக நடப்பது நேர விரயம், எல்லாருக்கும் ஒரே எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடலாம் என்றான்.

"எஸ்.எம்.எஸ். வந்தா படிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவான் தம்பி" என்றான் சாச்சா. "ஆளு வந்து வாசல்ல நின்னா செருப்ப மாட்டித்தான் ஆவணும்."

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். வெளியூர் ஆட்களுக்கு எஸ்.எம்.எஸ். உதவும் என்றார். சாச்சாவும் தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் அந்தச் சாய்சதுரத்தின்மேல் விரலை வைத்தார். உள்ளே 'யாராவது வரணுமா?' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு அம்புதான் வெளியே போயிற்று, 'இல்லை' என்று. முடிவு எடுக்கிற கட்டத்துக்கு இரண்டு வாசலாவது இருக்க வேண்டும், இன்னொன்று எங்கே என்று கேட்டார்.

கலைவாணி சாச்சாவைப் பார்த்தாள். "நான் விசாரிச்ச வீட்டுல எல்லாம் இல்லன்னுதான் சொன்னாங்க, மாமா."

"சார், ஆமான்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்றார் டீச்சர்.

"பக்கத்து ஊருன்னா அடுத்த தொழுகைக்குத் தள்ளுவோம். அதுக்குமேல தள்ளறதில்ல." கையில் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தான். "ஒரு தடவ தள்ளினோம்."

அவன் பலகையைப் பார்த்தே சொன்னான். எங்க அத்தாவுக்கு. அண்ணன் வெளிநாட்டுல, கெளம்பிட்டாருன்னு சேதி. விடியகாலை போன உசுரு. லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, எடுத்திருக்கணும், எடுக்கல. அஸருக்கு எடுக்கல. மஃரிபு, இஷா, ராத்திரி வரைக்கும் எதுக்கும் எடுக்கல. வெட்டின குழிமேல பலகையப் போட்டு மூடிட்டு ஆளுங்க வீட்டுக்குப் போய்ட்டாங்க. மீன் மார்க்கெட்டுல சொல்லி ஐஸ் பாரு கொண்டாந்தேன். ஜமாஅத்துப் பெரியவங்க ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க, அண்ணனுக்காக அத்தாவ இப்படிப் போட்டு வச்சிருக்கியேன்னு. மூத்த புள்ளை மொகம் பாக்காம எடுக்க மாட்டேன்னு நான் சொல்லிட்டேன்.

இதை அவன் ஒரு மெத்தையின் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னான். எனக்கு ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரங்கள் தெரிந்தன. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும்னு யாரு சார் முடிவு பண்ணது?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"நான்தாம்மா. மறுநாள் காலையில போன் வந்துச்சு. பனி மூட்டம், ஃபிளைட் எப்ப கெளம்பும்னு தெரியலன்னாரு. போன வச்சுட்டு உள்ள போனேன். அத்தா மொகத்தப் பாத்தேன். இனிமே தாங்காதுன்னு தெரிஞ்சுச்சு. தூக்கலாம்னு சொன்னேன்."

நான் அந்த போனில் பேசியபோது அத்தா அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறார். 'அத்தாவை...' என்று நான் ஆரம்பித்தபோது, இன்னும் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

எஸ்.எம்.எஸ். சொன்ன அந்தப் பையன் கேட்டான்: "அப்புறம் உங்க அண்ணன் வந்தாரா சார்?"

"வந்தாரு." சாச்சா அப்போதும் திரும்பவில்லை. கையை மட்டும் பின்பக்கம் காட்டினான். "அதோ, ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காரு."

மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன் என்று பிறகு கலைவாணி சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் நிற்கிற மாதிரி. டீச்சர்தான் என்னைக் காப்பாற்றினார். பலகைப் பக்கம் திரும்பி, சாய்சதுரத்திலிருந்து இரண்டாவது அம்பை வரைந்து, அதன் முனையில் 'காத்திருத்தல்' என்று ஒரு கட்டம் போட்டார்.

சாச்சாவுக்கு அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். அவன் எழுந்து தாளின் வலது கோடிக்குப் போனான். மூன்று கைப்பிடி மண் போட்டு, துஆ ஓதியதோடு கலைவாணி முடிவு வட்டம் போட்டிருந்தாள்.

"இங்க முடியலம்மா. சந்தூக்கு திரும்பி வரணும்ல? கொண்டாந்து, கழுவி, நெழல்ல காயவச்சு, துணிய மடிச்சு மேல போடணும். அப்பத்தான் அடுத்த ஆளுக்கு ஆவும்."

அதை யார் செய்கிறார்கள் என்று டீச்சர் கேட்டார். நான்தான், அத்தா செஞ்சிட்டிருந்தாரு, அப்புறம் நான் என்றான். டீச்சர் வட்டத்தை அழித்துத் தள்ளிப் போட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, இந்தப் படத்தில் ஆபத்தான இடம் இதுதான் என்றார். மற்ற எல்லா வரிசையிலும் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருக்கிறார். இந்த ஒரு வேலை மட்டும் ஒரே ஆளின்மேல் நிற்கிறது. அது யார் கண்ணுக்கும் படுவதில்லை. அந்த ஆள் ஒரு நாள் இல்லை என்றால்தான் அப்படி ஒரு வேலை இருந்தது என்றே தெரியும்.

"நீங்க ஊர்ல இல்லன்னா என்ன ஆகும் சார்?"

"சந்தூக்கு அடுத்த வீட்டுக்கு ஈரத்தோட போவும்" என்றான் சாச்சா.

5

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் கருவடிக்குப்பம் தாண்டியது. டிக்கெட்டை நான் விரலில் சுற்றிச் சுற்றிக் கிழித்துவிட்டேன்.

"ஏன்டா சொல்லல?"

"நீ கேட்டியா?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவனே சொன்னான். "சொல்லியிருந்தா, உன்னாலதான் அத்தா அப்படிக் கெடந்தாருன்னு நீ அங்க போயி அதையே நெனச்சுக்கிட்டுத் தட்டு அடுக்குவே. தனியா இருக்கற ஆளு. என்மேல கோவமா இருந்தா பரவால்லன்னு வுட்டுட்டேன். தெருவுலயும் சொல்ல வேணாம்னு சொல்லிட்டேன்."

"இன்னிக்கு மட்டும் எப்படிடா சொன்னே, அத்தன புள்ளைங்க முன்னாடி?"

"அந்த டீச்சர் வாசல் எங்கன்னு கேட்டுட்டாங்களே. இருந்த வாசல இல்லன்னு எப்படிச் சொல்றது?" பிறகு என் முழங்கையை லேசாக இடித்தான். "நீ ஏன் எழுந்து நின்னே? அட்டெண்டன்ஸா எடுத்தாங்க?"

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக. அதுவும் அவன் குணம்தான்.

அன்வர், இதற்கு மேல் நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே மாலிக் கிடந்தார், காகிதம் வரவில்லை என்பதால். அங்கே தாத்தா கிடந்தார், ஒரு ஆள் ஊரையே எதிர்த்து நின்றதால். இரண்டையும் ஒரே கணக்கில் போடாதே. பெருநாளைக்கு சாச்சா கூப்பிடும்போது, போனை என்னிடம் நீட்டிவிட்டு அறைக்குள் போவாய் இல்லையா? இந்தத் தடவை நீ பேசு. உனக்குத் தமிழ் திக்கும், அவனுக்கு பிரெஞ்சில் 'போன்ழூர்' என்கிற வணக்கம் தவிர ஒன்றும் தெரியாது. பரவாயில்லை, பேசு. நஸ்ரின், உனக்காக அவன் தைத்து வைத்திருக்கும் இலவம்பஞ்சுத் தலையணை இன்னும் கடையில் பரண்மேல் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை என்று அவன் குறை சொல்லவில்லை. தூசி படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருப்பதை மட்டும் காட்டினான்.

6

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் தெருவில் குடை ரிப்பேர் செய்கிற கரீம் பாய் இறந்துபோனார். மோதினார் வந்து வாசலில் நின்றார். சாச்சா ஊசியைத் துணியில் குத்திவிட்டுச் செருப்பை மாட்டினான். நானும் மாட்டினேன். யாராவது வரணுமா என்று அந்த வீட்டில் கேட்டபோது, இல்லை, எல்லாரும் இருக்கிறோம் என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார்.

லுஹர் தொழுகை முடிந்து அடக்கம் ஆயிற்று. கபர்ஸ்தானிலிருந்து கூட்டம் கலைந்தது. நானும் சாச்சாவும் வெறும் சந்தூக்கை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பின்பக்கம் கொண்டுவந்து வைத்தோம். அவன் சட்டைக் கையை மடித்தான்.

"நீ போ" என்றேன். "கல்யாண வீட்டு மெத்தை பாதியில கெடக்குது."

அவன் என்னைப் பார்த்தான். பக்கெட்டையும் தேங்காய் நாரையும் என் காலடியில் நகர்த்தி வைத்துவிட்டு, "வெயில்ல வைக்காத. மரம் வெடிச்சுடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

குழாயைத் திறந்து பக்கெட்டை நிரப்பினேன். சந்தூக்கின் நாலு காலிலும் கபர்ஸ்தான் மண் அப்பியிருந்தது. முதலில் அதைத் தேய்த்துக் கழுவினேன். பலகை இடுக்குகளில் ரோஜா இதழ்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் போட்டேன். தோள் படும் கம்புகள் வழவழவென்று இருந்தன. அவற்றைக் கையாலேயே தேய்த்தேன். நீரை ஊற்றி, கவிழ்த்து, அடிப்பக்கமும் கழுவி, தனியாகத் தூக்க முடியாமல் ஒரு முனையாக இழுத்து இழுத்து வேப்ப மரத்து நிழலில் சுவரோரம் சாய்த்தேன். போர்வைத் துணியை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஹவுளின் படியில் உட்கார்ந்தேன்.

சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்போதும் கம்பு முனையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. தொழுதுவிட்டுத் திரும்பி வந்து, அது காய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.